வாசலோடு திரும்பியவர்கள்

சேலையூரில் ஸ்டுடியோ திறந்து மூன்று நாளாக டெனிஸுக்கு ஒன்றுமே புரியவில்லை. வருகிறவர்கள் வாசலில் நிற்கிறார்கள், உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறார்கள்.

"பாஸ்போர்ட் போட்டோவும் எடுப்போம்னு சொன்னேன். குடும்பப் படம் மட்டும்தான்னு ஒத்தக்கால்ல நின்னீங்க," என்றாள் மனைவி ஜெரூஷா.

"குடும்பப் படம் எடுக்கத்தான் இந்தப் பக்கம் வேற ஸ்டுடியோவே இல்லை, ஜெரூ."

"இந்த மாசம் இப்படியே போனா மறுபடியும் பழைய வேலைக்கு ஒரகடம் கம்பெனி பஸ் ஏற வேண்டியதுதான், பார்த்துக்குங்க."

அப்போது கைக்குழந்தையோடு ஓர் அம்மா வந்தார். செருப்பைக் கழற்றியவர், உள்ளே பார்த்ததும் மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இன்னொரு நாள் வரேன் தம்பி. மனசைத் தேத்திக்குங்க."

"போட்டோ எடுக்க நான் எதுக்கு மனசைத் தேத்திக்கணும்?" என்று டெனிஸ் விழித்தான்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து வந்திறங்கிய அவன் அப்பா தனசிங்கைக் கண்டதும், அந்த அம்மா "ஐயோ!" என்று அலறினார்.

தனசிங் உள்ளே பார்த்தார். மாதிரிக்காகச் சுவரில் மாட்டிய அவருடைய பெரிய படம். அதன்மேல், திறப்பு விழாவுக்கு நண்பர்கள் கொண்டுவந்த ரோஜா மாலை.

"வைக்க வேற இடமில்லப்பா..." என்று இழுத்தான் டெனிஸ்.

"அடப்பாவி! என்னைக் கொன்னுட்டா கடை நடத்துற?"

அந்த அம்மா படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பவே நினைச்சேன், உசுரோட இருக்கிற மாதிரியே எடுத்திருக்காங்களேன்னு! தம்பி, எங்களையும் அதே மாதிரி எடுங்க. மாலை மட்டும் வேணாம்!"