நான்கு படகுகளும் ஒரு காதும்

துடுப்பின் அகன்ற முனையை நீருக்குள் இறக்கி, மறுமுனையில் வலது காதை அழுத்திக்கொண்டார் காதுக்காரர்.

மற்ற மூன்று படகுகளின் எஞ்சின்களும் அடங்கின. யாரும் இருமக்கூட இல்லை.

கத்தாளை மீன்கள் கூட்டமாகச் சேர்ந்தால் கரகரவென்று ஓசை எழுப்பும். அந்த ஓசை துடுப்பின் கட்டை வழியே ஏறிவரும். அதைப் பிரித்தறிய அந்தக் குடியிருப்பில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு காது. ஊருக்கே சோறு போடும் காது என்று அதைக் கேலி பேசுவார்கள். கேலியில் பொய் இல்லை.

கரையில் லாரி நின்றது. பாயும் பாத்திரமும் ஏற்றியாகிவிட்டது. பெண்கள் மட்டும் ஏறாமல் நின்றார்கள். செங்கல் சூளைக்கு ஆள் கூட்டிப்போக வந்தவன் மதியம்வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தான். வலை நிறைந்தால் லாரி வெறுமனே திரும்பும். நிறையாவிட்டால் பதினோரு குடும்பங்களும் கிளம்பவேண்டியதுதான். நான்கு படகுகளும் சேர்ந்து ஒருமுறை வலை வளைக்க மட்டுமே டீசல் மிச்சம்.

பக்கத்துப் படகிலிருந்து மைத்துனர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"என்ன மச்சான், உள்ள ஆள் இருக்கா, இல்ல வீட்டைப் பூட்டிட்டுப் போயிட்டாங்களா?"

காதுக்காரர் விரலை உயர்த்தி அடக்கினார்.

முதலில், ஆற்றில் மேலே எங்கோ மணல் அள்ளும் இயந்திரத்தின் இடி. பிறகு இறால்களின் சடசடப்பு, அணையப்போகும் சுள்ளியைப் போல. ஆலைக் கழிவு ஆண்டுக்கணக்கில் கலந்ததில், இந்த இரண்டு வருடமாக ஆற்றில் அவர் கேட்டதெல்லாம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

அப்போது அது கேட்டது.

நெடுநாள் பூட்டிக் கிடந்த கதவு திறப்பதுபோல் ஒரு குரல். பிறகு பத்து. பிறகு எண்ண முடியாத கரகரப்பு. கட்டை அவர் கன்னத்தில் அதிர்ந்தது. நேர் கீழே, நான்கு படகுகளும் வளைத்து அள்ளினாலும் தீராத கூட்டம்.

அவர் கண் கரையில் நின்ற மகளிடம் போனது.

பிறகு துடுப்பை மேலே எடுத்தார். கிழக்கே, சாய்ந்து நின்ற விளக்குக் கம்பத்தைக் காட்டினார்.

"இங்க இல்ல. கம்பத்துக்கு அந்தப் பக்கம். சீக்கிரம் போங்க, நகருது."

எஞ்சின்கள் ஒரே நேரத்தில் உறுமின. மைத்துனர் தலைத்துண்டைச் சுழற்றிக் கரைக்குச் சைகை காட்டினார். பெண்களில் ஒருத்தி லாரியிலிருந்து தன் பானையை இறக்கவே தொடங்கிவிட்டாள்.

வலை வளைந்தது, இறுகியது, ஏறியது. சேறும் சாக்குப் பைகளும் வந்தன. நடுவில் உள்ளங்கை அளவு நண்டு ஒன்று, ஒரு கால் இல்லாமல்.

மைத்துனர் நண்டை எடுத்து ஆற்றில் விட்டார்.

"காது செத்துப்போச்சுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம் மச்சான். அவமானம் ஒண்ணுமில்ல."

"ஆமா," என்றார் காதுக்காரர்.

கரையில் அவருடைய மகள் ஆறு மாத வயிற்றைத் தாங்கியபடி லாரியில் ஏறினாள். நான்கு வயதாகியும் தலை நிற்காத பேத்தியைக் கீழிருந்து அவர் தூக்கிக் கொடுத்தார்.

போன மாதம் பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தையின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: இவள் வயிற்றில் இருந்தபோது தாய் என்ன சாப்பிட்டாள்?

ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கேள்வியை எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார் அவர். அப்படியானால் அதே மீனைத் தின்னும் நீங்கள் மட்டும் எப்படிக் கல்லு மாதிரி இருக்கிறீர்கள் என்று சிரித்தார்கள்.

அன்று டாக்டரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தான் சொன்ன பதிலை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"கத்தாளைதாங்க டாக்டர். ஒரு நாள் தவறினதில்ல. எல்லாம் நான் கேட்டுப் புடிச்சது."