விடுதி மூடப்படாது

எழுந்துவிட்டாள்.

பல்கலைக்கழகத்தின் அவசரக் கூட்டத்தில் யாரும் அவளை எழச் சொல்லவில்லை. ஆலோசனை நிறுவனத்து ஆள். கேட்டால் பேசலாம். கேட்காவிட்டால் முந்திரியைக் கொறித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

வெளியே மழை பேயாகப் பெய்கிறது. ஆறு ஊருக்குள் புகுந்துவிட்டது.

துணைவேந்தர் சொல்லி முடித்திருந்தார்: மாலைக்குள் பெண்கள் விடுதியைக் காலி செய்ய வேண்டும்.

பதிவாளரிடம் சுற்றறிக்கை தயார். அது எப்போதும் தயார்தான், தேதியை மாற்றினால் போதும். காய்ச்சலா, மூடு. போராட்டமா, மூடு. மழையா, மூடு. பேரிடர் என்றால் இந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான். நல்லா இருக்கு போங்க!

இந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு பேரிடர்த் திட்டம் எழுதித் தரத்தான் அவளை அழைத்தார்கள். அழைத்தவர்களே மறந்துவிட்டார்கள்.

அவள் மறக்கவில்லை. கொரோனாவில் வீட்டுக்கு அனுப்பிய மாணவிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவள். பலர் படிக்கத் திரும்பவே இல்லை. கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இயற்பியலில் முதலாவதாக வந்தவள் இடுப்பில் பிள்ளையோடு கதவைத் திறந்தாள். "உள்ள வாங்க மேடம்" என்று சிரித்தாள்.

"விடுதி மேட்டுல இருக்கு சார். அரிசி இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு, டாக்டர் வந்தாச்சு. தண்ணி நிக்கிறது ரோட்டுல. அந்த ரோட்டுலதான் பிள்ளைங்கள அனுப்பப் போறீங்க. விடுதி மூடப்படாதுங்கறதுதான் நம்ம திட்டத்தோட முதல் வரி. நீங்க ஒத்துக்கிட்ட திட்டம்."



துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏதாவது ஆச்சுன்னா பெத்தவங்களுக்கு யாரும்மா பதில் சொல்றது? நீங்க ரயில் ஏறிப் போயிடுவீங்க."

நியாயமான கேள்விதான். அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை.

சுற்றறிக்கையில் தேதி போடப் பதிவாளர் பேனாவைத் திறந்தார்.

அவள் மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். தோற்றுக் கிளம்புகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஒருவர் நாற்காலியை நகர்த்தி வழிகூட விட்டார்.

அவள் வாசலுக்குப் போகவில்லை. கடைசி வரிசையில் இருந்த விடுதிக் காப்பாளரிடம் போனாள்.

"ஜெபக்கனியக்கா, எந்த ரூம்ல கட்டில் காலியா இருக்கு? தண்ணி வடியற வரைக்கும் நான் அங்கதான்."

ஜெபக்கனி துணைவேந்தரின் முகத்தைப் பார்க்கவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.