மீட்டர் சொன்ன வேகம்

“மெதுவாப் போறதுக்கு யாராவது ஜெர்மனியில இருந்து மெஷின் வரவழைப்பாங்களா?”

ஒட்டன்சத்திரம் டீக்கடையில் சைக்கிளைச் சாத்திக்கொண்டே சூசை வாத்தியார் கேட்டார். கேட்டது டீ மாஸ்டரிடம். உறைக்க வேண்டியது பக்கத்தில் நின்ற ஜமால் முகமதுவுக்கு.

ஜமால் பாய்க்குத் திண்டுக்கல்லில் தோல் வியாபாரம். ஜெர்மனிப் பக்கம் போய்வந்தபோது அத்தர் வாங்கி வரவில்லை, சாக்லேட் வாங்கி வரவில்லை. பவர் மீட்டர் வைத்த ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மிதிக்கிற மிதியில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று கைப்பிடியில் இருக்கும் சின்னப் பெட்டி காட்டுமாம். எடுத்த எடுப்பில் பலத்தையெல்லாம் கொட்டிவிடாமல், ஒரே அளவாக மிதித்தால் எவ்வளவு தூரமும் போகலாமாம்.

அன்றிலிருந்து அவர் வாயைத் திறந்தால் வாட்ஸ்தான். கல்யாண வீட்டில் பிரியாணி தட்டுக்கு வந்தாலும், “இது எத்தனை வாட்ஸுக்குத் தாங்கும்?” என்பார். இரண்டாயிரத்து எட்டில் திண்டுக்கல்லில் அந்த வார்த்தையைப் பல்பு வாங்கும்போது மட்டும்தான் சொல்வார்கள்.

சூசைக்கு இதெல்லாம் ஆகாது. சைக்கிள் கோஷ்டியில் அவர்தான் சூரப்புலி. நடுவில் மாரடைப்பு வந்து, மதுரையில் ரத்தக்குழாய்க்குள் ஸ்பிரிங் வைத்து அனுப்பினார்கள்.

“சும்மா வாய்வுப் பிடிப்பு. ஸ்பிரிங் வேற வச்சுட்டான், இனிமே முன்னைவிடத் துள்ளுவேன்” என்பார்.

ஓட்டலாம், ஆனால் மூச்சு வாங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர் பாதிதான் சொல்வார். போன மாதம் சின்னாளப்பட்டி வரை போனபோது, கோஷ்டியிலேயே இளையவனான பிரின்ஸ் அவருக்காக வேகத்தைக் குறைத்தான். வந்ததே கோபம்! “என்னலே, பொணத்துக்குப் பின்னாடி போற மாதிரி வர்ற? எனக்கு எவனும் பாவம் பாக்க வேணாம்” என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இன்றைக்குப் பழனி போய்த் திரும்ப வேண்டும். காலையில் திண்டுக்கல்லில் கிளம்பும்போதே ஜமால் பாய் அவரிடம் வந்தார்.

“வாத்தியாரே, நீங்க எங்கூட வாங்களேன். மீட்டரைப் பாத்து ஓட்டுறேன்னு ஒருத்தனும் எங்கூடச் சேர மாட்டேங்குறான்.”

பாவம் என்று சூசை ஒத்துக்கொண்டார். மற்றவர்கள் பறந்துவிட்டார்கள். இவருக்குத்தான் மாட்டு வண்டிப் பயணம் வாய்த்தது.

ஆடிக் காற்று எதிரே நின்று தள்ளியது. ஜமால் பாய் முன்னால் போனார். சூசை இடப்பக்கம் ஒதுங்கினால் அவரும் இடப்பக்கம், வலப்பக்கம் ஒதுங்கினால் அவரும் வலப்பக்கம்.

“யோவ் பாய்! மேல காத்துகூடப் படாம மறிச்சுக்கிட்டுப் போறீரே!”

“மீட்டரைப் பாத்துக்கிட்டே வந்தேன் வாத்தியாரே, கவனிக்கலை.”

ஏற்றத்தில் சூசை எழுந்து நின்று மிதித்தார். முந்திவிடலாம் என்று பார்த்தார். பாதி ஏற்றத்தில் நெற்றி குப்பென்று வேர்த்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் ஜமால் பாய் பிரேக்கைப் பிடித்தார்.

“ரொம்பக் காட்டுது. செத்த நேரம் உக்காந்துட்டுப் போவோம்.”

“ஒம்ம மீட்டரைக் கொண்டுபோயிக் கெணத்துல போடும்!” என்று சொல்லிக்கொண்டே சூசைதான் முதலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமும் எடுத்துக்கொண்டார்.

பழனி அடிவாரம், ஆயக்குடிக் கொய்யா, திரும்பவும் அதே ஆமை நடை. வழியெல்லாம் மீட்டர் காட்டுது, மீட்டர் கூடுது, மீட்டர் வேணாங்குது. மீட்டரா மாமியாரா என்று சூசைக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சாயங்காலம் திண்டுக்கல் திரும்பியபோது, ரவுண்டானா டீக்கடையில் அவர் மனைவி ரோஸ்மேரி ஜெபமாலையும் கையுமாக நின்றார். புருஷனை மேலும் கீழும் பார்த்தார். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு மூச்சே வந்தது.

“என்னைய ஏண்டி தடவிப் பாக்குற? முழுசா முடிச்சுட்டேன்ல! இந்தப் பாய் மட்டும் எங்கூட வரலைன்னா மத்தியானமே வீட்டுக்கு வந்திருப்பேன்.”

“ஆமா தங்கச்சி, என்னாலதான் லேட்டு” என்றார் ஜமால் பாய்.

“கேட்டுக்க. மெஷினை நம்புறவன் கதி இதுதான். மனுசனுக்குத் தன் நெஞ்சுல தெம்பு வேணும்!”

டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சூசை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

எப்போதோ வந்து, குளித்து, சாப்பிட்டுத் தூங்கியும் எழுந்துவிட்ட பிரின்ஸ் அப்போது வந்து சேர்ந்தான். கையில் ஒரு சைக்கிள் சக்கரம், ஒரு சின்னப் பெட்டி.

“பாய், ஒங்க பவர் மீட்டரைக் கழட்டிக் கொண்டாந்துட்டேன். என்னா மெஷின் பாய்! அது சொன்ன மாதிரியே மிதிச்சேன், கடைசி வரைக்கும் கால் சலிக்கலை.”

சூசையின் டீ கிளாஸ் வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

“இதா மீட்டரு? இது எப்படிலே ஒங்கிட்ட?”

“நேத்தே எனக்கு மாட்டிக் குடுத்துட்டாரே சார்.”

“அப்ப அவரு கைப்பிடியில இருக்கிறது?”

பிரின்ஸ் குனிந்து பார்த்தான். “மணி பாக்குறது சார்.”

ஜமால் பாய் அவசரமாக டீக்குச் சில்லறை தேடினார். சூசை அவர் கையைப் பிடித்தார். இவ்வளவு நேரம் இருந்த குரல் இப்போது இல்லை.

“பாய்... அப்ப காலையில இருந்து எதைப் பாத்து வேகத்தைக் கூட்டிக் குறைச்சீரு?”

ரோஸ்மேரிக்குக் கேட்காதபடி ஜமால் பாய் மெல்லச் சொன்னார்:

“எதையும் பாக்கலை வாத்தியாரே. பின்னாடி ஒங்க மூச்சைக் கேட்டுக்கிட்டே போனேன்.”