சொல்ல வேண்டியவர்

“அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க,” என்றார் டாக்டர்.

பிரசவ அறைக்கும் வெளிக்கதவுக்கும் நடுவே, கை கழுவும் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தோம். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசினார். ஒன்று பாதியில் சிக்கிக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டே இருந்தார்.

குழந்தை நன்றாக இருக்கிறது, பெண் குழந்தை. அக்காவைக் காப்பாற்ற முடியவில்லை. ரத்தம் நிற்கவே இல்லை.

செய்தி இவ்வளவுதான். இதைக் கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் நான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

“நீங்களும் டாக்டருக்குப் படிக்கிறவங்கதானே. உங்களுக்குப் புரியும்.”

அவருக்கு வயது அதிகம் இருக்காது. என் கண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். பயப்படுகிறார் என்று தெரிந்தது. அவர்மேல் கோபம்கூட வரவில்லை. அந்தப் பயத்தையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டாரே என்றுதான் இருந்தது.

நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்க வேண்டுமே என்று படித்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியாது. தெருவை விடுங்கள், அம்மாவுக்கே தெரியாது.

எல்லாம் அவள் கிளப்பிவிட்டதுதான். பரீட்சை மார்க் வந்த அன்றே என்னை டாக்டராக்கிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் டாக்டர் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் பஸ் மாறி பஸ் ஏற வேண்டும். அதனால் யாருக்கு என்ன என்றாலும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். இஸ்திரிக்காரர் முழங்காலைக் காட்டுவார். எதிர்வீட்டுக்காரி பேச்சோடு பேச்சாக நாக்கை நீட்டுவாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தவளையின் இதயத்தில் மூன்று அறைகள் என்பதுதான். எதற்கும் ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள் என்பேன். அதையே மருந்தாக வாங்கிக்கொண்டு போவார்கள்.

அக்கா மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பாள். “என் பிரசவத்துக்கு மட்டும் நீ வந்துடாத தாயே, நான் நல்ல டாக்டரா பாத்துக்கறேன்” என்று பெரிய கும்பிடாகப் போடுவாள்.

அம்மாவுக்கோ நான் சொன்னால் சொன்னதுதான். உப்பைக் குறை என்றால் குறைத்தாள். இடது பக்கம் படு என்றால் இடது பக்கம் படுத்தாள். காலையில் அக்காவைச் சேர்த்தபோதுகூட, இந்த டாக்டரிடம் என்னை முன்னால் தள்ளிவிட்டு, “இவளும் உங்க ஆளுதான் சார்” என்று பெருமை அடித்துக்கொண்டாள். எனக்கும் அப்போது கொஞ்சம் தலை நிமிர்ந்தது. அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

கதவைத் தள்ளினேன்.

என்னைப் பார்த்ததும் அம்மா எழுந்து நின்றாள். டாக்டர் வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்களே, அதுபோல, கையைக் கட்டிக்கொண்டு, வேண்டுமென்றே. முகமெல்லாம் சிரிப்பு.

“என்ன டாக்டரம்மா, பேரனா பேத்தியா?”

“பேத்தி,” என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணின் தோளைத் தட்டி, பேத்தியாம் என்றாள். அந்தச் சந்தோஷத்தில் அவளை இன்னும் கொஞ்ச நேரம் விட்டுவைக்க எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

“அவ எப்படி இருக்கா?”

சொன்னேன். டாக்டர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன். என்னுடைய வார்த்தை என்று எதுவும் வாயில் வரவில்லை.

அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு உட்கார்ந்தாள்.

“நீ இன்னும் டாக்டர் ஆகலடி. உனக்கு என்ன தெரியும்? போ, டாக்டரை வரச் சொல்லு.”

நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னை நம்பவில்லை.

திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன். நர்ஸ் எட்டிப் பார்த்து, அவர் அடுத்த பிரசவத்தில் இருக்கிறார் என்றாள். பிறகு மறுபடியும் தட்டினேன். அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது கைநீட்டி வாங்கிக்கொண்டாள், பார்வையை எடுக்கவில்லை. அக்காவை வெளியே கொண்டுவந்தபோதும் அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்றுதான் பார்த்தாள்.

டாக்டர் கடைசிவரை வரவில்லை.

கல்லூரி நேர்முகத் தேர்வில், ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் டாக்டர் இல்லை, எங்கள் மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்றேன். பொய் இல்லை. எனக்கு முன்னால் போனவர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் எல்லாரும் தலையாட்டினார்கள்.

வெளியே அம்மா காத்திருந்தாள், தோளில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா போனதிலிருந்து அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. கல் நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள்.

இடம் கிடைத்துவிடும் போலிருக்கிறது என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தெருவுக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று பரபரக்கவும் இல்லை. குழந்தையை மெதுவாக மறு தோளுக்கு மாற்றினாள்.

“படிச்சு முடிச்சுட்டு வந்து சொல்லு,” என்றாள். “அப்ப அழுதுக்கறேன்.”