விலைக்கு முன் வந்த வெற்றிலைத் தட்டு

நவம்பர் 14, வியாழன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். விலை பேசும் முன்பே தட்டை வாங்கிவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில், நான் முதன்முதலாக வாங்கப் பார்க்கும் வீட்டின் கூடம். மாலை வகுப்புப் பையைத் தோளிலிருந்து இன்னும் இறக்கவில்லை. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு கிடக்கிறது. இருபத்தாறு லட்சம் கேட்கும் வீட்டுக்காரம்மா கொளஞ்சியம்மாள், வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டுகிறார். பூஜை நடக்கும் வீடுகளில் தாம்பூலம் வாங்கிப் பழகிய என் கைகள் இரண்டும் தாமாகவே நீள்கின்றன. தட்டின் விளிம்பு சில்லென்று இருக்கிறது. தரகர் அய்யப்பன் தலையில் கை வைக்கிறார். "இன்னாம்மா நீ! தட்ட வாங்கினா அவங்க வெலைக்கு ஒத்துக்கினேன்னு அர்த்தம். இருபத்திநாலுன்னு கேளுன்னு வழியெல்லாம் சொல்லிக்கினு வந்தேனே!" கொளஞ்சியம்மாள் சிரிக்கிறார். "பொண்ணுக்கு வூடு புடிச்சிருக்கு, உனக்கு இன்னாய்யா எரியுது? குங்குமம் எடுத்துக்கோ கண்ணு." எடுத்து வைத்துக்கொள்கிறேன். வங்கிக் கடனும் என் சேமிப்பும் சேர்ந்தே இருபத்துநாலு லட்சம்தான். அதை இப்போதே சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. சமையலறையில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. "குழாய்க்கு வாஷர் மாத்தணும்," என்கிறேன். "இனிமே அதெல்லாம் உன் வேல," என்கிறார் அவர்.

நாளை வங்கி திறந்ததும் இன்னும் இரண்டு லட்சம் கேட்க வேண்டும். மறுத்தால், அய்யப்பனை அனுப்பாமல் நானே வந்து கொளஞ்சியம்மாளிடம் முடியாது என்று சொல்ல வேண்டும்.