பீடத்தைக் காணோம்

"பீடம் எங்கே?"

வனெட்டா போட்ட சத்தத்தில் பாடகர் குழுவின் ஒத்திகை நின்றுவிட்டது.

மேடை மொட்டையாகக் கிடந்தது. தாத்தா காலத்திலிருந்து போதகர்கள் ஓங்கிக் குத்திக் குத்திப் பிரசங்கம் செய்த ஓக் மரப் பீடம் அங்கே இல்லை. மேடையோடு சேர்த்துத் திருகாணி முடுக்கியிருந்த இடத்தில் ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"பெட்வே ஐயா நேத்து சாயங்காலம் கழட்டி, தன் வண்டியில ஏத்திட்டுப் போனாரு," என்றாள் ஆர்கன் வாசிக்கும் லோர்னா. "எதுக்குன்னு கேட்டேன். 'உன் வேலையைப் பாரு'ன்னுட்டாரு."

வனெட்டாவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

ஓசல் பெட்வே சபையின் மூத்த மூப்பர். பெண்கள் மேடை ஏறக்கூடாது என்று பர்மிங்ஹாமின் இந்தச் சபை சட்டம் போட்ட அன்று, முதல் ஆளாகக் கை தூக்கிய புண்ணியவான்.

இன்று வனெட்டாவின் முதல் பிரசங்கம். இதைக் கேட்டுவிட்டுத்தான் அவளைப் பிரசங்கியாக ஏற்பதா வேண்டாமா என்று சபை முடிவு செய்யும். மேடைக்குக் கீழே, அறிவிப்பு வாசிக்கிற ஒல்லி ஸ்டாண்டில் நின்று பேசினால் போதும் என்று மூப்பர்கள் சொல்லியிருந்தார்கள். அதையே பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள். இப்போது பீடத்தையே ஒளித்து வைத்துவிட்டார்கள். தொட்டுவிடுவாள் என்ற பயமா?

நேரே போதகர் கிரியரின் அறைக்குள் புகுந்தாள். அவர் கண்ணாடி முன் டை கட்டிக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், பீடத்தைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. தெரியுமா?"

"கேள்விப்பட்டேன் சிஸ்டர். கோபப்படாதீங்க. பெரியவங்க கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாறுவாங்க. எங்க நின்னு பேசினா என்ன, கர்த்தருக்குக் காது கேக்காதா?"

"கர்த்தருக்குக் கேக்கும். ஆனா நான் கூட்டிட்டு வந்திருக்கிற பொண்ணுங்களுக்குக் கண்ணு தெரியுமே!"

போதகர் டையை இன்னும் சிரத்தையாக இழுத்தார்.

"வாசல்ல ஆளுயரத்துக்கு என் படம் போட்டு பேனர் கட்டியிருக்கீங்க. 'புதிய தலைவர்கள், புதிய சபை'ன்னு. அட்லாண்டா மாநாட்டுல என் கதையைச் சொல்லித்தானே கைத்தட்டல் வாங்கினீங்க? என் படம் உசரத்துல நிக்கலாம், நான் நிக்கக்கூடாதா?"

"அடுத்த வருஷம் மூப்பர்கள்கிட்ட பேசிப் பார்க்கலாம்னு..."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

ஊருக்குத்தான் உபதேசம். கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

இந்தச் சபையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நரைத்த தலைகள் மட்டுமே தெரிந்த காலம் ஒன்று உண்டு. வனெட்டாதான் சனிக்கிழமைகளில் கோயிலின் கீழ்த்தள அறையைத் திறந்து வைத்து, பள்ளிக்கூடப் பெண்களுக்குச் சும்மாவே சின்னச் சின்னப் பின்னலாகத் தலை பின்னிவிட ஆரம்பித்தாள். ஒரு தலை பின்னி முடிக்க அரை நாள் ஆகும். அதற்குள் ஊர்வம்பு, அழுகை, சிரிப்பு, நடுவில் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் என்று எல்லாம் பேசியாகிவிடும். பின்னலுக்காக வந்த பெண்கள் சபையிலேயே தங்கிவிட்டார்கள். இப்போது முன்வரிசை முழுக்க அவர்கள்தான்.

"அக்கா, நீங்க அங்க மேலதானே நிப்பீங்க?" ஒருத்தி வெறும் மேடையைக் காட்டிக் கேட்டாள். "எங்கம்மாவுக்கு அனுப்ப போட்டோ எடுக்கணும்."

வனெட்டா மேடைக்குக் கீழே நின்ற ஸ்டாண்டைப் பார்த்தாள். இவர்களிடம் போய், நீங்களும் ஒரு நாள் இந்த ஒல்லி ஸ்டாண்டில் நிற்கலாம் என்று சொல்வதா?

"எந்திரிங்கடி. இன்னிக்குப் பிரசங்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இனி இந்தப் பக்கமே வர வேண்டாம்."

பெண்கள் குழம்பிப்போய் எழுந்தார்கள். அவர்களை ஓட்டிக்கொண்டு அவள் பாதி தூரம் வந்தபோது வாசல் கதவு படாரென்று திறந்தது.

பெட்வே! ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு வியர்வையில் நனைந்திருந்தது. முன்னால் அவர் இழுக்க, பின்னால் அவருடைய இரண்டு மகன்கள் தள்ள, தள்ளுவண்டியில் பீடம் வந்துகொண்டிருந்தது.

வனெட்டா நடுவழியில் மறித்து நின்றாள்.

"ஒளிச்சு வச்சது பத்தாதுன்னு, எல்லாரும் பார்க்க மேல ஏத்தி வச்சு எனக்கு வேடிக்கை காட்டப் போறீங்களாய்யா? வெக்கமா இல்ல?"

"வழியை விடும்மா. கனம் தாங்கல."

"உங்க பேத்தி வயசுப் பிள்ளைங்க பார்த்துட்டு இருக்காங்க."

"பார்க்கட்டும். காலை நகர்த்து, சக்கரம் ஏறிடும்."

அவளைச் சுற்றிக்கொண்டு போனார். மேடைப் படிக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். ஒல்லி ஸ்டாண்டைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, அது நின்ற இடத்திலேயே பீடத்தை இறக்கி நிறுத்தினார். தரையில் ஆடாமல் நிற்க, அடியில் புதிதாக அகலமாய் ஒரு பலகை அடித்திருந்தது. மரத்தூள் வாசனை கூடப் போகவில்லை.

கிரியர் அறையிலிருந்து ஓடி வந்தார். "மூப்பரே, என்ன இது? சட்டம்..."

"சட்டத்தை எனக்கே சொல்றீங்களா? கை தூக்கினவன் நான். பொம்பளை மேல ஏறக்கூடாதுன்னுதான் முடிவு பண்ணினோம். பீடம் கீழ இறங்கக்கூடாதுன்னு எவனும் சொல்லல."

முன்வரிசைப் பெண்கள் போட்ட கூச்சலில் கூரை அதிர்ந்தது.  வனெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு பீடத்தின் பின்னால் போய் நின்றாள்.

கிரியர் பெட்வேயின் காதருகே குனிந்தார். "சரி, இன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும். அடுத்த ஞாயிறு நான் பேசறதுக்குள்ள மேல ஏத்திடுவீங்கல்ல?"

பெட்வே இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார்.

"இறக்கத்தான் பாஸ்டர் என் முதுகுல தெம்பு இருந்துச்சு. ஏத்துறதுக்கு வேற ஆளைப் பாருங்க."