மாமியார் சாவுக்கு ஒரு நாள் லீவு

“சார், என் மாமியார் தவறிட்டாங்க. நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும்.”

மெத்தை கம்பெனித் தையல்காரர் கூசாமல் சொன்னார். குரலைக் கொஞ்சம் உடைத்தும் வைத்தார், பாவி மனுஷன்!

மேனேஜர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

“பார்த்துப் போய்ட்டு வாப்பா.”

வேறு என்ன செய்வார் தையல்காரர்? ஊருக்கெல்லாம் நிம்மதியான தூக்கத்தை விற்கிற கம்பெனி, உள்ளே தைக்கிறவனுக்கு ஒரு நாள் ஓய்வு தராது. வீட்டில் சாவு விழுந்தால்தான் லீவு. மேனேஜரே போட்ட சட்டம் அது. இரண்டு மாதம் முன்னால் சொந்த மனைவி இறந்தபோதுகூட நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு டாண் என்று வந்து உட்கார்ந்தவர் அந்த மேனேஜர். கல்நெஞ்சக்காரர் என்று கம்பெனியே பேசியது.

மறுநாள் காலை, செத்துப்போன மாமியார் புதுத் தொப்பியோடு கண்ணாடி முன் நின்றார். அறுபத்திரண்டு வயதாகியும் கடலைப் பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் பார்க்கப் போகிறார்.

“எப்படி இருக்கு மாப்பிள்ளை?”

“நேத்து செத்தவங்க மாதிரியே இல்ல அத்தை!”

காலிங்பெல் அடித்தது. மாமியாரே போய்க் கதவைத் திறந்தார்.

வாசலில் மேனேஜர். கையில் ஒரு பை ஆப்பிள்.

தையல்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். வேலை போச்சு! வீட்டு வாடகை, பிள்ளை படிப்பு, எல்லாம் போச்சு!

“நீங்க...?” என்றார் மேனேஜர்.

“இவரோட மாமியார். நேத்து செத்தவ. உள்ள வாங்க தம்பி.” அந்தம்மாவின் வாய்க்கு என்றைக்கும் பஞ்சமில்லை.

“சார், மன்னிச்சிடுங்க சார். வேலையை விட்டு மட்டும்...”

“உட்காருப்பா. எனக்குத் தெரியும். போன வருஷமும் இவங்கதான் செத்தாங்க. ரெஜிஸ்டர்ல இருக்கு.”

மாமியார் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “போன வருஷம் என்னை எதுக்குய்யா கொன்னீங்க?”

“பையனுக்கு ஓட்டப்பந்தயம் அத்தை.”

“ஜெயிச்சானா?”

“ஜெயிச்சான்.”

“அப்போ பரவாயில்ல.”

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணும் கலங்கியது.

“என் சம்சாரம், ‘ஒரே ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட வாங்க’ன்னு கேட்டாம்மா. சட்டம் போட்டவனே மீறலாமான்னு நான் போகல. அவ செத்த பிறகு மூணு நாள் லீவு கிடைச்சுது.”

தையல்காரர் தன்னையே நொந்துகொண்டார். இவரையா கல்நெஞ்சக்காரர் என்று பேசினோம்!

“அதுக்கப்புறம்தான் உறைச்சுது. நம்ம ஆளுங்க வீட்டுல இத்தனை சாவு நடந்திருக்கே, ஒரு வீட்டுக்காவது போய் விசாரிச்சிருக்கோமான்னு. ரெஜிஸ்டரைப் பார்த்து ஒவ்வொரு வீடா கிளம்பினேன். இது பன்னிரண்டாவது வீடு.”

“எல்லாரும் அழுதாங்களா தம்பி?”

“எங்கே அழுதாங்கம்மா? ஒன்பது வீட்டுல எனக்குக் காபி போட்டுக் குடுத்ததே செத்தவங்கதான்!”

மாமியார் தொப்பி நழுவ விழுந்து விழுந்து சிரித்தார். தையல்காரருக்குத்தான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

“இத்தனை பேர் ஏமாத்தியிருக்காங்களே, கோபம் வரலியா தம்பி?”

“வந்துச்சும்மா, என் மேல. ஒரு நாள் லீவுக்காக இவங்க எல்லாரையும் கொலைகாரங்களா ஆக்கினவன் நான்தானே? நேத்து சாயங்காலமே அந்தச் சட்டத்தைக் கிழிச்சுப் போட்டுட்டேன். இனிமே லீவு வேணும்னு சொன்னா போதும். காரணம் கேக்க மாட்டேன்.”

“அப்போ உங்க கம்பெனி லீவுக்காக இனிமே யாரும் சாக வேண்டாமா?”

மேனேஜர் ஆப்பிள் பையை அந்தம்மாவின் கையில் கொடுத்தார்.

“வேண்டாம்மா. நீங்கதான் கடைசி.”